பாய்க்கலங்களில் நீர்விசிறி: ஒரு வரலாற்று நோக்கு

கடற்போக்குவரத்தின் வரலாற்றை எழுதுவோர் அதனைப் பெரும்பாலும் இரண்டு காலப்பகுதிகளாக வகுத்துக் கூறுவர். காற்றை நம்பிய காலம் ஒன்று. நீராவியை நம்பிய காலம் மற்றொன்று. முன்னது ஒழிந்தது, பின்னது வென்றது என்பது அவர் தரும் முடிவு. மாணவர் மனத்திற் பதித்துக்கொள்வதற்கு இப்பகுப்பு வசதியானதே. ஆயினும் வசதியான பகுப்புக்கள் யாவும் உண்மையான பகுப்புக்கள் ஆகா. 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் காற்றும் நீராவியும் ஒரே கலத்திற் குடியிருந்தன. பாய்மரமும் புகைபோக்கியும் ஒரே மேற்றளத்தில் அருகருகே நின்றன. ஒன்று மற்றொன்றை வெல்லுமுன் இரண்டும் நெடுங்காலம் கூடி வாழ்ந்தன என்பதே உண்மை.

அவ்வாறு கூடி வாழ்ந்தமையால் எழுந்த சிக்கல் ஒன்று உண்டு. எந்திரத்தால் ஓடும்போது பாயைச் சுருட்டிக் கட்டிவிடலாம். அது பெரிய தடையாவதில்லை. ஆனால் பாயால் ஓடும்போது எந்திரத்தின் உறுப்பாகிய விசிறியை என் செய்வது? அது நீருக்குள் அசையாது நின்று, கலத்தைப் பின்னே பிடித்து இழுக்கின்றது. தன் முறை வரும்வரை சும்மா இருக்கவேண்டிய ஒன்று சும்மா இருக்க மறுக்கின்றது. இதனை எவ்வாறு தீர்ப்பது என்ற கேள்விக்கு மாலுமிகளும் எந்திரவியலாரும் காலந்தோறும் கண்ட விடைகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இன்று உல்லாசப் பாய்ப்படகு வைத்திருப்போர் மடங்கும் விசிறியை வாங்குவதா, இதழ் திரும்பும் விசிறியை வாங்குவதா என்று தம்முள் வாதிடுகின்றனர். அவ்வாதம் புதியதன்று, ஏறத்தாழ இரு நூற்றாண்டு வயதுடையது.

கலத்தின் பிற்பகுதியில் நீருக்குள் இருந்து சுழன்று அதனை முன்தள்ளும் உறுப்பைப் புரொப்பெல்லர் என்பர். இங்கு அதனை விசிறி என்றும், அதன் தகடுகளை இதழ் என்றும், இதழ்கள் பொருந்தியுள்ள நடுப்பகுதியை, வண்டிச் சில்லின் நடுப்பகுதிக்குரிய பெயரால், குடம் என்றும் வழங்குவோம்.

மடித்து வைத்த சக்கரம்

விசிறி தோன்றுமுன்னரே இச்சிக்கல் தோன்றிவிட்டது. 1819ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து லிவர்பூலுக்கு அத்திலாந்திக்கைக் கடந்த 'சவன்னா' என்னும் கலம் நீராவியைத் துணைக்கொண்டு அம்மாகடலைத் தாண்டிய முதற் கலம் என்று போற்றப்படுவது. ஆனால் அதன் பயணத்தை நுணுகி நோக்குவோர்க்கு வேறோர் உண்மை புலப்படும். ஏறத்தாழ 29 நாட்கள் நீடித்த அப்பயணத்தில் எந்திரம் தொழிற்பட்டது ஏறத்தாழ 80 மணி நேரமே. மற்றைய நேரமெல்லாம் பாயே கலத்தைச் செலுத்திற்று. அக்காலத்திற் கலத்தின் இருபுறமும் பொருத்தப்பட்ட துடுப்புச் சக்கரங்களே நீரைத் தள்ளின. பாயோட்டத்தில் அவை பெருந் தடையாகும். ஆதலின் சவன்னாவைக் கட்டியோர் அச்சக்கரங்களைக் கைவிசிறிபோல மடக்கி, கழற்றி, மேற்றளத்தில் எடுத்து வைக்கத்தக்கனவாக அமைத்தனர். புதிய வலுவைப் பெற்றுக்கொண்ட முதல் நாளிலேயே, அது வேண்டாதபோது அதனை விலக்கி வைக்கும் வழியையும் மனிதன் தேடினான் என்பது இங்கு கருதத்தக்கது.

திருகு விசிறியின் தோற்றம்

துடுப்புச் சக்கரத்திற்குப் பிற குறைகளும் இருந்தன. கலம் ஒருபுறம் சரியும்போது ஒரு சக்கரம் ஆழ அமிழும். மற்றது வெறுங் காற்றிற் சுழலும். போர்க்கலங்களிற் பீரங்கி வைக்கும் இடத்தை அது அடைத்துக்கொண்டது. பகைவர் குண்டுக்கும் எளிதில் இலக்காயிற்று. இக்குறைகளைப் போக்க, நீருக்குள் மறைந்திருந்து சுழலும் திருகு விசிறியை இருவர் தனித்தனியே உருவாக்கினர். இங்கிலாந்திற் கமக்காரராக இருந்த பிரான்சிஸ் பெற்றிற் சிமித் ஒருவர். சுவீடன் நாட்டு எந்திரவியலாளராகிய யோன் எறிக்சன் மற்றவர். இருவரும் 1836ஆம் ஆண்டில் ஆக்கவுரிமை பெற்றனர்.

சிமித் முதலில் அமைத்தது மரத்தாலான நீண்ட திருகு. 1837இல் அதனைப் பொருத்திய சிறு படகு கால்வாயில் ஓடிக்கொண்டிருக்கையில், திருகு எதிலோ மோதி அதன் ஒரு பாதி முறிந்து போயிற்று. படகு நின்றுவிடும் என்று எதிர்பார்த்தோர் வியப்படையுமாறு அது முன்னிலும் விரைந்து சென்றது. திருகு குறுகியதாக இருப்பதே நன்று என்பதை அவ்விபத்து உணர்த்திற்று. பின்னர்க் கட்டப்பட்ட 'ஆக்கிமிடீஸ்' என்னும் கப்பல் 1840இற் பிரித்தானியாவைச் சுற்றி வந்து விசிறியின் ஆற்றலை ஊரறியச் செய்தது. அதனைக் கண்ட புருனெல் என்னும் பேரறிஞர், தாம் கட்டிக்கொண்டிருந்த 'கிறேற் பிரித்தன்' கப்பலின் திட்டத்தை மாற்றி, துடுப்புச் சக்கரத்தைக் கைவிட்டு, ஆறு இதழ் கொண்ட விசிறியை அமைத்தார். அக்கப்பல் 1843இல் நீரில் இறக்கப்பட்டது.

1845 ஏப்பிரில் 3ஆம் நாள் பிரித்தானியக் கடற்படை 'றற்லர்' என்னும் விசிறிக் கப்பலையும் 'அலெக்ரோ' என்னும் சக்கரக் கப்பலையும் பின்னோடு பின் பிணைத்துக் கயிறிழுக்க விட்டது. றற்லர், அலெக்ரோவை மணிக்கு ஏறத்தாழ இரண்டரைக் கடல் மைல் வேகத்திற் பின்னோக்கி இழுத்துச் சென்றது. பாடநூல்கள் இக்காட்சியையே விசிறியின் வெற்றிக்குச் சான்றாகக் காட்டும். ஆனால் கடற்படை அதற்கு முன்னரே விசிறிக் கப்பல்களைக் கட்ட ஆணையிட்டிருந்தது. கயிறிழுப்பு ஊரார் காணச் செய்த காட்சியேயாம். கடற்படையின் உள்ளத்தை விசிறி கவர்ந்தமைக்கு அது பாய்க்கப்பலின் உருவத்தைக் குலைக்காமல் நீருக்குள் ஒளிந்துகொண்டமையும் ஒரு காரணம். அவர்கள் பாயைக் கைவிட எண்ணவில்லை. காற்றுக்கு விலையில்லை, நிலக்கரிக்கோ விலையும் உண்டு, எடையும் உண்டு. தொலைக்கடலில் அது தீர்ந்துபோனால் மீண்டும் பெறுவதற்கு இடமுமில்லை.

முதல் விடை: தூக்கிவிடுதல்

விசிறியின் தடையை நீக்குவதற்கு முதலிற் கண்ட வழி மிக நேரானது. வேண்டாதபோது விசிறியை நீரிலிருந்து தூக்கிவிடுவதே அது. கப்பலின் பிற்பகுதியில், சுக்கானுக்கு முன்னே, மேற்றளத்திலிருந்து நீர்வரை கிணறுபோன்ற ஒரு வழி விடப்பட்டது. விசிறி ஓர் உலோகச் சட்டத்தில் அமைந்து, அக்கிணற்றின் இருமருங்கும் உள்ள தவாளிப்பின் வழியே மேலும் கீழும் வழுக்கிச் செல்லும். அச்சுத்தண்டின் முனையிலுள்ள நாக்கு விசிறியின் குடத்திலுள்ள வெட்டிற் பொருந்தி நிற்கும். விசிறியைத் தூக்க விரும்பினால் எந்திரத்தை நிறுத்தி, இதழ்கள் செங்குத்தாக நிற்குமாறு தண்டைத் திருப்பி, பின்னர்க் கப்பியும் கயிறுங் கொண்டு மேலே இழுத்தல் வேண்டும். இவ்வகை விசிறிகள் இரண்டு இதழே பெற்றிருந்தமைக்குக் காரணம் இப்பொழுது விளங்கும். மூன்று இதழ் கொண்டதைத் தூக்க வேண்டுமாயின் கிணறு மிக அகலமாதல் வேண்டும். அகன்ற கிணறோ கப்பலின் பின்னுடலை வலுவிழக்கச் செய்யும்.

1845இல் வடமேற்குக் கடல்வழியைத் தேடிப் புறப்பட்ட பிராங்கிளின் என்பாரின் 'எறெபஸ்', 'ரெறர்' ஆகிய இரு கப்பல்களும் புகையிரத எஞ்சின்களைத் தம் வயிற்றிற் கொண்டு, தூக்கு விசிறியும் பெற்றிருந்தன. அவற்றிற் சென்ற 129 பேரும் மீளவில்லை. அக்கலங்கள் 2014ஆம், 2016ஆம் ஆண்டுகளிலேயே கடலடியிற் கண்டுபிடிக்கப்பட்டன. கிறேற் பிரித்தனும் அவுஸ்திரேலியாவுக்குக் குடியேறுவோரை ஏற்றிச் செல்லத் தொடங்கிய பின்னர், 1857இல், தன் பழைய விசிறியை நீக்கி இரண்டு இதழ் கொண்ட தூக்கு விசிறியைப் பெற்றது. நீண்ட தென்கடற் பயணத்திற் காற்றையே பெரிதும் நம்பவேண்டியிருந்தமையால் இம்மாற்றம் வேண்டியதாயிற்று.

1860இல் நீரிலிறங்கிய 'வொறியர்' என்னும் இரும்புப் போர்க்கப்பலே இம்முறையின் உச்சம் எனலாம். அதன் விசிறியின் எடை 26 தொன். அதனைத் தூக்குவதற்கு 600 பேர் கயிற்றைப் பற்றி இழுத்தனர். புகைபோக்கிகளும் ஒன்றுக்குள் ஒன்று அடங்கித் தாழுமாறு அமைக்கப்பட்டிருந்தன. அவை காற்றைத் தடுத்தலாகாது என்பதே கருத்து. பாயேற்றும் ஆணையோடு புகைபோக்கியைத் தாழ்த்து, விசிறியை உயர்த்து என்பனவும் அக்காலத்துக் கடற்படையின் ஆணைகளாய் இருந்தன. 600 பேரின் தோள்வலியைச் செலவிட்டு எந்திரத்தை மறைத்து வைப்பது இன்று நமக்கு நகைப்பைத் தரலாம். ஆனால் அதன் பயனை எண்கள் காட்டுகின்றன. வொறியர் பாயால் மட்டும் மணிக்கு 13 கடல் மைல் ஓடிற்று. அதற்குப் பின்னர்க் கட்டப்பட்ட 'மினோற்றோர்' வகைக் கப்பல்கள் ஐந்து பாய்மரங்களைத் தாங்கியிருந்தும் பாயோட்டத்தில் 9½ கடல் மைலுக்கு மேற் செல்லவில்லை. அவற்றின் விசிறியைத் தண்டிலிருந்து பிரித்துவிட மட்டுமே இயன்றது, தூக்க இயலவில்லை என்பதே இதற்குத் தலையாய காரணமாகக் கூறப்படும். பாய்மரத்தைப் பெருக்குவதால் வராத வேகம் விசிறியை விலக்குவதால் வந்தது என்பது இதனாற் பெறப்படும்.

நம் கடலருகே வந்த ஒரு சான்று

தூக்கு விசிறி வரலாற்றின் போக்கையே ஓரளவு பாதித்த இடமும் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரிலே தென்மாநிலத்தார் 1862இல் இங்கிலாந்தின் பேர்க்கன்கெட் நகரிலுள்ள லேயேட் கப்பற்றளத்திற் கட்டுவித்த 'அலபாமா' என்னும் கலம், வடமாநில வணிகக் கப்பல்களை உலகக் கடல்களெங்கும் வேட்டையாடிற்று. அதன் தலைவர் றபாயேல் செம்ஸ், தம் கப்பலின் விசிறியைப் பதினைந்து நிமிடத்தில் தண்டிலிருந்து விடுவித்து நீருக்கு மேலே உயர்த்தலாம் என்று தம் நினைவு நூலிற் குறித்துள்ளார். விசிறியை உயர்த்தினால் அது முழுமையான பாய்க்கப்பல்; தாழ்த்தினால் முழுமையான நீராவிக் கப்பல். ஒன்றில் அரைவாசி, மற்றொன்றில் அரைவாசி என்ற நிலை அதற்கு இல்லை.

இது அவருக்கு வெறும் வசதியன்று, உயிர்நாடி. தென்மாநிலத் துறைமுகங்கள் முற்றுகையிடப்பட்டிருந்தன. நடுநிலை வகித்த பிரித்தானியாவோ தன் துறைமுகங்களிற் போரிடுவோர் கப்பலுக்கு மூன்று மாதத்திற்கு ஒருமுறைக்கு மேல் நிலக்கரி தருவதில்லை என்று 1862இல் விதித்திருந்தது. இந்நிலையில் நாளெல்லாம் நீராவியால் ஓடும் கப்பல் சில வாரங்களில் முடங்கியிருக்கும். செம்ஸ் காற்றைக் கொண்டு காத்திருந்தார். இரை கண்டபோது மட்டும் விசிறியைத் தாழ்த்தினார். 1863 திசெம்பரிற் சிங்கப்பூரிலிருந்து மலாக்கா நீரிணை வழியே வந்த அலபாமா, வங்கக் கடலைக் கடந்து, இலங்கையின் தென்புறமாகச் சென்று, 1864 சனவரியில் மலையாளக் கரையை அடைந்து, தான் எரித்த கப்பலொன்றின் மாலுமிகளை அஞ்சுதெங்கில் இறக்கிவிட்டது. அவ்வாண்டு யூன் 19ஆம் நாள் பிரான்சின் சேர்பூர்த் துறைக்கு வெளியே அது போரில் மூழ்கிற்று. அதற்குள் அறுபதுக்கு மேற்பட்ட கப்பல்களை அது கைப்பற்றியிருந்தது. இப்பெரும் வேட்டைக்குப் பீரங்கி எவ்வளவு துணைசெய்ததோ, விசிறியைத் தூக்கும் கிணறும் அவ்வளவு துணைசெய்தது என்று கூறின் மிகையாகாது.

இரண்டாம் விடை: இதழைத் திருப்புதல்

தூக்கு விசிறியின் குறைகளும் வெளிப்படையானவை. கிணறு கப்பலின் இடத்தைத் தின்றது, பின்னுடலை நலிவித்தது. சட்டத்திலே தளர்வாகப் பொருந்திய விசிறி எந்திரம் ஓடும்போது கடகடத்து அதிர்ந்தது. எனவே விசிறியை இருந்த இடத்திலேயே வைத்து, அதன் இதழ்களை மாத்திரம் நீரோட்டத்திற்கு இசையத் திருப்பிவிடலாமே என்ற எண்ணம் எழுந்தது. காற்றடிக்கும் திசைக்கு முகங்கொடுத்து நிற்கும் பலகை பெருந் தடையாகும். அதே பலகையை விளிம்பு காற்றை நோக்குமாறு திருப்பினால் தடை மிகக் குறையும். இவ்வுண்மையே இவ்வமைப்பின் அடிப்படை.

பெனற் வூட்குறொவ்ற் என்பார் 1844இல் இதழின் சாய்வை மாற்றத்தக்க விசிறிக்கு ஆக்கவுரிமை பெற்றார். றற்லரின் எந்திரத்தைச் செய்த மோட்சிலி குடும்பத்தைச் சேர்ந்த யோசேப்பு மோட்சிலி, 1840களின் பிற்பகுதியில், பாயோட்டத்தின்போது இதழ்களைக் கப்பலின் நீளத்திற்கு ஒப்பத் திருப்பி வைக்கும் விசிறியை அமைத்தார். இவ்விதழ்கள் குடத்திலே அசையாதபடி வார்க்கப்படாமல், தத்தம் அச்சிற் சுழலத்தக்கனவாகப் பொருத்தப்பட்டன. கிணறு வேண்டியதில்லை; 600 பேரும் வேண்டியதில்லை. ஆனால் குடத்திற்குள்ளே நுண்ணிய பொறிகள் புகுந்தன. அவை உப்புநீரில் மூழ்கிக் கிடப்பவை. பழுதுற்றால் நடுக்கடலிற் கையெட்டாதவை. தூக்கு விசிறி மனிதரின் உழைப்பை வேண்டிற்று. திரும்பும் விசிறி மனிதரின் நம்பிக்கையை வேண்டிற்று. இவ்வேற்றுமை இன்றளவும் மறையவில்லை.

கூட்டு வாழ்வின் முடிவு

இரு வலுவையும் ஒரு கலத்தில் அடக்கும் முயற்சி சிலவிடத்துப் பேரழிவிலும் முடிந்தது. 1870 செப்ரெம்பர் 7ஆம் நாள் பின்னிரவில், 'கப்டன்' என்னும் பிரித்தானியப் போர்க்கப்பல் பினிஸ்தர் முனைக்கு அப்பாற் காற்றிற் கவிழ்ந்தது. பாரமான பீரங்கிக் கோபுரங்களையும், நீர்மட்டத்திற்குச் சற்றே உயர்ந்த தளத்தையும் கொண்டிருந்த அக்கப்பல் முழுப் பாய்மரங்களையும் தாங்கி நின்றது. ஏறத்தாழ 480 பேர் மாண்டனர். கப்பலை வகுத்தமைத்த கூப்பர் கோல்ஸ் என்பவரும் அவருள் ஒருவர். ஆற்றிலொரு கால் சேற்றிலொரு கால் என்னும் பழமொழி இங்கு உயிர்ப்பலியோடு மெய்யாயிற்று. மறு ஆண்டில் நீரிலிறங்கிய 'டெவஸ்ரேசன்' போர்க்கப்பல் பாயின்றியே அமைக்கப்பட்டது.

வணிகத் துறையில் முடிவைத் தந்தவை வேறு காரணங்கள். 1869 நவெம்பர் 17இல் சூயெசுக் கால்வாய் திறக்கப்பட்டது. ஒடுங்கிய கால்வாயும் செங்கடலின் காற்றும் பாய்க்கப்பலுக்கு ஒவ்வா. நீராவியை இருமுறை பயன்படுத்தும் கூட்டு எந்திரம் நிலக்கரிச் செலவைக் குறைத்தது. வழிநெடுக நிலக்கரித் துறைகள் எழுந்தன. நம் நாட்டிற் காலி அத்தகைய துறையாக விளங்கிற்று. 1885இற் கொழும்பின் முதல் அலைதடுப்புச் சுவர் நிறைவெய்திய பின்னர் அச்சிறப்புக் கொழும்புக்கு மாறிற்று. நிலக்கரி எங்கும் கிடைக்குமாயின் பாய் எதற்கு? பாய் போனபின் விசிறியைத் தூக்குவது எதற்கு? வினாவே இல்லாதொழிந்தமையால் விடைகளும் மறக்கப்பட்டன.

முற்றாக மறக்கப்பட்டனவோ எனின், இல்லை. நிலக்கரித் துறை இல்லாத இடமொன்று எஞ்சியிருந்தது. அதுவே துருவக் கடல். 1892இல் நன்சனுக்காகக் கொலின் ஆச்சர் கட்டிய 'பிராம்' கப்பலிலும், 1901இல் ஸ்கொற்றுக்காகத் தண்டீ நகரில் நீரிலிறக்கப்பட்ட 'டிஸ்கவறி' கப்பலிலும் விசிறியும் சுக்கானும் கிணற்றின் வழியே மேலே தூக்கத்தக்கனவாக அமைந்திருந்தன. அங்கே காரணம் இரட்டிப்பாயிற்று. பாயோட்டத்தின் தடையைக் குறைத்தல் ஒன்று. பனிக்கட்டி நெருக்கும்போது விசிறி நொறுங்காது காத்தல் மற்றொன்று. ஒரு நோக்கத்திற்காகப் பிறந்த அமைப்பு வேறொரு நோக்கத்திற்கும் உதவி வாழ்வது கருவிகளின் வரலாற்றிற் பலமுறை காணப்படுவது.

மூன்றாம் விடை: மடக்குதல்

20ஆம் நூற்றாண்டில் எண்ணெய் எந்திரங்கள் சிறுத்து, உல்லாசப் பாய்ப்படகுகளினுள்ளும் புகுந்தபோது பழைய வினா புத்துயிர் பெற்றது. முப்பது நாற்பது அடிப் படகிலே கிணறு வெட்ட இடமில்லை, இழுக்க ஆளுமில்லை. அசையாத மூவிதழ் விசிறியைச் சுமக்கும் படகு மென்காற்றில் மணிக்கு அரைக் கடல் மைலளவேனும் வேகத்தை இழப்பதுண்டு. நாலைந்து கடல் மைல் ஓடும் படகுக்கு இது சிறிய இழப்பன்று. பந்தயத்திலோ வெற்றியும் தோல்வியும் அதிலேயே அடங்கும். ஆதலின் 1970இல் நடைமுறைக்கு வந்த அனைத்துலகப் பெருங்கடற் பந்தய அளவை விதி, விசிறியின் வகையை நோக்கிப் படகுகளுக்குச் சலுகை அளித்தது.

இங்கு இரண்டு விடைகள் போட்டியிடுகின்றன. மடங்கு விசிறியின் இதழ்கள் குடத்திலே கீலாற் பொருத்தப்பட்டவை. தண்டு நின்றவுடன் ஓடும் நீர் அவற்றைப் பின்னே தள்ள, குவிந்த தாமரை மொட்டுப்போல அவை ஒன்றையொன்று தழுவி மடங்கும். தண்டு சுழலும்போது மையவிலக்கு விசை அவற்றை விரிக்கும். மடங்கிய நிலையில் இதனினும் குறைந்த தடையுடையது வேறில்லை எனலாம். கயிறும் கடற்பாசியும் அதிற் சிக்குவது அரிது. விலையும் ஒப்புநோக்கிற் குறைவு. ஆனால் பின்னோக்கிச் செல்லவேண்டும்போது அதன் குறை வெளிப்படும். அப்பொழுது நீரின் உந்தல் இதழ்களை மூட முயல்கின்றது. மையவிலக்கு விசையே அவற்றைத் திறந்து வைக்கின்றது. ஆகவே எந்திரத்தை விரைவாகச் சுழற்றினாலன்றிப் படகு நிற்பதில்லை. பழைய ஈரிதழ் மடங்கு விசிறிகளில் வேறொரு குறையும் உண்டு. தண்டு நிற்கும் நிலைக்கேற்ப, கீழுள்ள இதழ் தன் பாரத்தால் தொங்கித் திறந்துவிடும். இதனைத் தவிர்க்கப் படகோட்டிகள் தண்டில் அடையாளமிட்டு, இதழ்கள் பக்கவாட்டில் மடங்குமாறு நிறுத்துவர். பிற்காலத்தார் இதழ்களின் அடியிற் பற்களை வெட்டி, ஒன்று அசைந்தால் மற்றவையும் உடனசையுமாறு செய்து இக்குறையை நீக்கினர்.

இதழ் திரும்பும் விசிறியோ மோட்சிலியின் வழித்தோன்றல். குடத்தினுள்ளே பற்சில்லுகள் இருந்து இதழ்களைத் திருப்புகின்றன. தண்டை நிறுத்தியவுடன் இதழ்கள் நீரோட்டத்திற்கு இசைந்து விளிம்புகாட்டி நிற்கும். பின்னோக்கிச் சுழற்றினால் இதழ் முற்றாகத் திரும்பி, எதிர்த்திசையிலும் தன் சரியான முகத்தையே நீருக்குக் காட்டும். ஆதலின் முன்னே எவ்வளவு உந்துமோ பின்னேயும் ஏறத்தாழ அவ்வளவு உந்தும். இதழின் சாய்வைத் தன் எந்திரத்திற்கு ஏற்றவாறு அமைத்துக்கொள்ளவும் இயலும். எனினும் இவ்வாறு திரும்பவேண்டிய இதழ் தட்டையாக இருத்தல் வேண்டும். அசையாத விசிறிக்குரிய முறுக்கு அதற்கு இல்லை. எனவே முன்னோட்டத்தில் அதன் திறன் சற்றுக் குறையும். விலை மிகுதி. காலந்தவறாது மசகிடல் வேண்டும். அரிப்பைத் தாங்கும் நாகத்துண்டையும் மாற்றல் வேண்டும். பராமரிப்பை மறப்போரை அது மன்னிப்பதில்லை.

இவற்றுள் எது சிறந்தது என்று கேட்போர் உளர். வரலாறு அறிந்தவர் அவ்வாறு கேளார். யாருக்கு, எவ்விடத்தில் என்றே கேட்பார். திறந்த கடலிற் பாயையே நம்பி, எந்திரத்தைத் துறைமுக வாயிலில் மட்டும் எழுப்புவோர்க்கு மடங்கு விசிறி போதும். நெருக்கமான துறைகளில் நாள்தோறும் புகுந்து, காற்றும் நீரோட்டமும் தள்ளும் வேளையிற் படகைச் சட்டென்று நிறுத்தவேண்டியவர்க்குத் திரும்பும் விசிறியே தக்கது. ஆண்டு முழுவதும் எந்திரத்தால் ஓடி எப்போதாவது பாய் விரிப்போர்க்கு அசையாத விசிறியே சாலும். அவர் பாயோட்டத்தில் அதனைத் தளையாது சுழலவிட்டால் தடை பொதுவாகக் குறையும், அவர்தம் பற்சில்லுப் பெட்டி அதற்கு இடந்தருமாயின். வொறியரின் தலைவர்க்கு 600 பேர் இருந்தனர். செம்சுக்கு நிலக்கரி இல்லை. நன்சனுக்குப் பனிக்கட்டி இருந்தது. அவரவர் விடை அவரவர் நிலையிலிருந்தே பிறந்தது.

முடிவுரை

மேற்கூறியவற்றாற் பெறப்படும் கருத்து ஒன்று உண்டு. ஒரு கருவியை மதிப்பிடுவோர் அது தொழிற்படும்போது என்ன செய்கின்றது என்பதையே நோக்குவர். அது தொழிற்படாதபோது என்ன செய்கின்றது என்பதையும் நோக்குதல் வேண்டும். விசிறியின் வரலாற்றில் மிக்க அறிவும் மிக்க உழைப்பும் செலவானது அதனைச் சுழற்றுவதற்கு மட்டுமன்று. அதனைச் சும்மா இருக்கச் செய்வதற்குமாகும். இப்பகுதியை விட்டுவிட்டு, நீராவி பாயை வென்றது என்று ஒரே வரியில் எழுதிச் செல்வோர், இரண்டையும் கைவிடாது காக்க முயன்ற இரு தலைமுறை மக்களின் உழைப்பை வரலாற்றிலிருந்து நீக்கியோர் ஆவர்.

வரலாற்றுக்குரிய சான்றுகள் ஏட்டில் மட்டும் இல்லை. வொறியர் 1987 முதற் போட்சுமத் துறையில் நிற்கின்றது. போக்லாந்துத் தீவுகளிற் கைவிடப்பட்டுக் கிடந்த கிறேற் பிரித்தன் 1970இல் தான் பிறந்த பிறிஸ்ரல் நகருக்கு மீண்டது. பிராம் ஒஸ்லோவிலும் டிஸ்கவறி தண்டீயிலும் காக்கப்படுகின்றன. அவற்றைக் காணும் வாய்ப்புப் பெறும் நம் மாணவர், உயர்ந்த பாய்மரங்களை அண்ணாந்து நோக்கியதோடு அமையாது, கப்பலின் பின்புறஞ் சென்று, சுக்கானுக்கு முன்னுள்ள அக்கிணற்றையும் குனிந்து நோக்குவாராக. பாடநூல் இரண்டாக வகுத்த காலம் அங்கே ஒன்றாக இருப்பதைக் காண்பர்.